பதினாலாம் நம்பர் தள்ளுவண்டி

தபாலக்காவின் கைகள் நாடா கட்டிக்கொண்டிருந்தன. கோப்பைச் சாய்த்துப் பிடித்து, சிவப்பு நாடாவைக் குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, மேலே ஒரு முடிச்சு, முடிச்சின் மேல் ஒரு சுருக்கு. சுருக்கின் வாலைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். வேறு எதைப் பிடித்து இழுத்தாலும் அவிழாது. இருபத்தாறு வருடமாகக் கட்டுகிற கை அது; கண்ணின் துணை அதற்குத் தேவையில்லை.

அந்த அரசு மருத்துவமனையில் ஒரு மேசையில் எடுத்த கோப்பை அடுத்த மேசையில் வைத்து, தபால் நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு; மாதத்தில் ஒரு நாள் அது வெளியே வந்து முகம் காட்டிவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் எல்லோருக்கும் அவள் தபாலக்காதான்.

தபால் அறையில் மேசை கிடையாது. மேசை கேட்டுப் பதினொரு வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்தாள். அந்தக் கோப்பையும் அவளே கட்டி, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அது இன்னும் திரும்பவில்லை. அதனால் நோயாளிகளைப் படுக்கவைத்துத் தள்ளுகிற பழைய வண்டி ஒன்றைத்தான் மேசையாக வைத்திருந்தாள். பதினாறு வருடத்துக்கு முன், ஒரு குடும்பம், அப்பா பிழைத்து எழுந்த சந்தோஷத்தில் ஆஸ்பத்திரிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன வண்டி. சக்கரம் ஒன்று உடைந்ததும் மாடிப்படிக்கு அடியில் தூக்கிப் போட்டார்கள். தபாலக்கா அதை இழுத்து வந்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் இரண்டு தடவை துடைத்து, உடைந்த சக்கரத்துக்குப் பதில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். மேசைக்கு மேசையும் ஆயிற்று, அவசரத்துக்கு அந்தப் பக்கத்தைக் கையால் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போக வண்டியும் ஆயிற்று.

அன்று புதன்கிழமை. காலை ஒன்பதரை மணி. ஒன்பதாவது கோப்பைக் கட்டும்போது கை நின்றது.

கோப்பின் உள்ளே இருப்பதை அவள் படிக்கக் கூடாது, அது விதி. மேலட்டையில் எண்ணை மட்டும் பார்ப்பாள். ஆனால் இந்தக் கோப்பின் மேலட்டையிலேயே இன்ஜினியர் ஆபீஸ்காரர்கள் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். கண்ணில் பட்டதைப் படிக்காமல் இருக்க அவள் என்ன குருடியா?

'தள்ளுவண்டி எண் 14. மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் கோரியது நான்காம் முறையாக நிராகரிக்கப்படுகிறது. தள்ளுவண்டிக்கு மின்சாரமும் தண்ணீரும் தேவைப்படாது. கோப்பு முடிக்கப்பட்டது.'

தபாலக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. தள்ளுவண்டிக்கு எதற்குத் தண்ணீர், குதிரையா பூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அடுத்த நொடி சிரிப்பு பாதியில் நின்றது. இந்த ஆஸ்பத்திரியில் சக்கரமும் இருந்து, கரண்டும் கேட்டு, தண்ணீரும் கேட்கிற சாமான் ஒன்றே ஒன்றுதான். அது பின்கட்டில், பூட்டிய அறைக்குள், பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு ஐந்து மாதமாகச் சும்மா நிற்கிற டயாலிசிஸ் மெஷின்.

சீட்டின் மேல் விரல் வைத்து மறுபடி படித்தாள்.

ஐந்து மாதமாக அவள் அந்த மெஷினின் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். வேலைக்காக மட்டும் இல்லை. அவள் நாத்தனாருக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு தரம், திங்களும் வியாழனும், பெரிய நகரத்துக்குப் போய் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். விடியற்காலை நாலு மணி பஸ். போக மூன்று மணி நேரம், மெஷினில் நாலு மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். போன வியாழக்கிழமை திரும்பும்போது, பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் நின்றவள் தலை சுற்றி விழுந்தாள். குடித்துவிட்டு ஏறியிருக்கிறாள் என்று யாரோ உரக்கச் சொன்னார்கள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"இனி அந்த பஸ்ல கால் வைக்க மாட்டேன் அண்ணி," என்று அன்று சொன்னவள்தான். திங்கட்கிழமை போகவில்லை. நாளைக்கு வியாழன். நாளைக்கும் போவதாக இல்லை. ஆம்புலன்ஸ் கேட்டதற்கு, மூச்சுத் திணறினால் கூப்பிடுங்கள் என்றார்கள். தபாலக்காவுக்குக் கணக்குத் தெரியும். ஒரு தடவை விட்டால் கால் வீங்கும். இரண்டு தடவை விட்டால் தண்ணீர் நெஞ்சில் ஏறும். அப்புறம் ஆம்புலன்ஸ் வந்து என்ன, வராமல் என்ன?

மெஷினோ வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது. கம்பெனி ஆட்கள் வந்து பொருத்தியாயிற்று. தற்காலிக லைனில் ஓட்டிப் பார்த்து, தண்ணீரைப் பரிசோதித்து, எல்லாம் சரி என்று தாளும் வந்தாயிற்று. அதற்குப் பிறகு இன்ஜினியர் ஆபீஸ் வந்து, முறைப்படி அனுமதி இல்லை என்று மெயின் ஸ்விட்சுக்கு ஈய சீல் வைத்துவிட்டுப் போனது. அனுமதி கேட்டுப் பெரிய டாக்டரம்மா எழுதிய கடிதம் 'பரிசீலனையில் உள்ளது.' அந்தக் கோப்பைத் தபாலக்கா தினமும் விசாரிப்பாள். அது நகரவே இல்லை. நகர்ந்ததெல்லாம் இந்தத் தள்ளுவண்டிக் கோப்பு. நாலு தரம் போனது, நாலு தரம் வந்தது. நாலு தரமும் அவள் பையில்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

நாடாவைப் பாதியில் விட்டாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கோப்பைக் கட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஓட்டம் அவளுக்குப் புதிதில்லை. இதே ஆஸ்பத்திரியில் வார்டு பாயாக இருந்த அவள் புருஷன் செத்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. புருஷன் வேலையைப் பெண்டாட்டிக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் இருந்தது. சட்டம் இருந்தது, கோப்பு இல்லை. அந்தக் கோப்பை உண்டாக்கி, மேசை மேசையாக நகர்த்தி முடிக்க நாலு வருடம் ஆனது. எந்த மேசைக்காரர் காலையில் கையெழுத்துப் போடுவார், யார் சாப்பிட்ட பிறகுதான் போடுவார், யாரிடம் கேட்டால் கோபம் வரும், யாரிடம் கேட்காவிட்டால் கோபம் வரும் என்று எல்லாம் அந்த நாலு வருடத்தில் படித்தாள். அந்த நாலு வருடமும் அவளுக்குச் சோறு போட்டது நாத்தனாரின் தையல் மெஷின். நாத்தனாருக்கு அப்போது இருபது வயது. தனக்கென்று எதுவும் பார்த்துக்கொள்ளவில்லை. இதைப் பற்றி இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது?

கிடங்கு அறையில் கிடங்குக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது.

"அண்ணே, பதினாலாம் நம்பர் வண்டி எது?"

"இருபத்தொண்ணு, இருபத்திரண்டு... எந்த வண்டின்னா கேக்கற? எங்கயாவது வார்டுல ஓடிட்டிருக்கும்."

"ஓடுதா, நிக்குதா?"

அவர் எண்ணுவதை நிறுத்தினார். "கதவைச் சாத்து தபாலு."

"கதவு கிடக்கட்டும், காத்து வரட்டும். மெஷினைப் போய் வண்டின்னு எழுதினீங்களா இல்லையா?"

கிடங்குக்காரர் போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்தார். ஐந்து மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்றும், யாரும் கேட்டுவிடக் கூடாதே என்றும் இருந்த முகம் அது.

"அன்னிக்குச் சனிக்கிழமை சாயங்காலம். லாரிக்காரன் கையெழுத்துப் போடுய்யான்னு தலைமேல நிக்கிறான். பதிவேட்டுல ஏறாத சாமான் ராத்திரி காம்பவுண்டுக்குள்ள இருக்கக் கூடாது. அது சட்டம். பதிவேட்டைத் திறந்தா கட்டிலுக்குப் பக்கம் இருக்கு, மெத்தைக்கு இருக்கு, நாற்காலிக்கு இருக்கு, கண்ணாடிச் சாமானுக்கு இருக்கு, தள்ளுவண்டிக்கு இருக்கு. மெஷினுக்குன்னு ஒரு பக்கம் கிடையாது. இது அச்சடிச்ச காலத்துல இங்க இருந்த ஒரே மெஷின் காத்தாடி. அதையும் எவனோ நாற்காலில எழுதி வெச்சிருக்கான். நான் என்ன பண்றது? குனிஞ்சு பார்த்தேன். கீழ நாலு சக்கரம் இருந்துச்சு."

"நல்லவேளை. நாலு கால் இருந்திருந்தா ஆடு மாடுன்னு எழுதியிருப்பீங்க."

"ஆடு மாட்டுக்கும் பக்கம் இல்லம்மா," என்றார் அவர், விளையாட்டில்லாமல். "பதிமூணு வண்டி ஏற்கெனவே இருந்துச்சு. இது பதினாலு. பெயிண்ட்ல நம்பரும் போட்டுட்டேன். மறுநாள் கம்பெனிக்காரன் அதைப் பார்த்துட்டு அழாத குறை. டாக்டரம்மா மெஷினுக்குக் கரண்டு கேட்டு எழுதினப்பவும் ஆபீஸ்ல பதிவேட்டைப் பார்த்து வண்டி பதினாலுன்னுதான் கோப்புப் போட்டாங்க."

"அப்புறமாவது மாத்தி எழுதியிருக்கலாமே."

"பதிவேட்டுல அடிச்சுத் திருத்தக் கூடாது. பதினாலுன்னு எழுதினது பதினாலுதான். மெஷினை அங்கருந்து எடுத்தா பதிமூணு வண்டிதான் நிக்கும். ஒண்ணு எங்கடான்னு கேப்பாங்க. சாமான் குறைஞ்சா கிடங்குக்காரன் தலைலதான் விழும். என் ஓய்வூதியக் காகிதம் அப்படியே நின்னுடும்."

"உங்களுக்குக் காகிதம் நிக்கும். என் நாத்தனாருக்கு மூச்சு நிக்கும்."

அவர் போர்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தபாலக்கா அவரைத் திட்டுவதில் நேரத்தை வீணாக்கவில்லை. அவர் சொன்னதை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஒரு வண்டி குறைகிறது. அவ்வளவுதானே சிக்கல்? ஒரே ஒரு வண்டி. அவள் கண்ணுக்கு முன் ஒரு செங்கல் வந்து நின்றது.

"அண்ணே, எந்திரிங்க. நான் கோப்பு அடுக்கி வெச்சிருக்கேனே, அந்த வண்டி உங்க பதிவேட்டுல இருக்கா?"

"அது யாரோ தானமாக் குடுத்தது. எழுதவே இல்ல." சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

"பெயிண்ட் டப்பா மிச்சம் இருக்கா?" என்றாள் தபாலக்கா.

பெரிய டாக்டரம்மா ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார். தபாலக்கா துண்டுச் சீட்டை நீட்டினாள். படித்தார். மறுபடி படித்தார். கிடங்குக்காரரைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார்.

"அஞ்சு மாசம்," என்றார். "தினமும் அந்த அறையைத் தாண்டித்தான் ரவுண்ட்ஸ் போறேன்."

கிடங்குக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். தபாலக்கா தன் உடைந்த வண்டியைப் பற்றிச் சொன்னாள். டாக்டரம்மா அவளிடம் திரும்பினார். "இப்ப என்ன பண்ணணும்ங்கற? இந்த வண்டிதான் அந்த வண்டின்னு பொய் எழுதித் தரணுமா?"

"பொய் எதுக்கும்மா? பொய்ன்னா நாலு பேரு ஞாபகம் வெச்சுக்கணும். நடந்ததை நடந்தபடியே எழுதுங்க. மெஷினை வண்டின்னு தப்பா எழுதிட்டோம், தானமா வந்த வண்டியை எழுதாமலே விட்டுட்டோம், இன்னிக்கு ரெண்டையும் அது அது இடத்துல வெச்சுட்டோம். மெஷினுக்குன்னு ஒரு புதுப் பக்கம் ஒட்டிக்க உங்க கையெழுத்து இருந்தாப் போதும்."

"எனக்கு ஏதாவது ஆகுமாம்மா?" என்றார் கிடங்குக்காரர், மெல்ல.

"உங்ககிட்ட என்ன குறையுது?"

அவர் விரலை மடக்கி யோசித்தார். "குறையலம்மா. ஒரு மெஷின் கூடத்தான் இருக்கு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல ஓடியது. மணி பன்னிரண்டு.

இன்ஜினியர் ஆபீஸ் ஆஸ்பத்திரி மைதானத்தைத் தாண்டி எதிர்க் கட்டடத்தில். அந்த இன்ஜினியருக்கு 'நேர்ல' என்று பட்டப்பெயர். எதைக் கொண்டுபோனாலும் நேரில் பார்க்க வேண்டும் என்பார். முன்பு வேறு ஊரில் ஒரு லிப்டை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, அது ஓடாமல் நின்று, இரண்டு வருடம் பதவி உயர்வை இழந்தவர். சூடு கண்ட பூனை. அதனால் தபாலக்காவுக்கு அவர் மேல் கோபம் கிடையாது. ஆனால் பொறுமையும் கிடையாது.

அவர் அரைப் பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நேர்ல பார்க்கணுமே."

"வாங்க சார், பாருங்க."

"நினைச்ச நேரத்துல வர முடியாதும்மா. நேர்ல பார்க்கறதுக்குன்னு நாள் இருக்கு. புதன்கிழமை."

"இன்னிக்கு என்ன கிழமை சார்?"

இன்ஜினியர் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். அது செவ்வாய் என்றது. தபாலக்கா எட்டிப் போய் நேற்றைய தாளைக் கிழித்து, மடித்து, குப்பைக்கூடையில் போட்டாள். நாள்காட்டி புதன் என்றது.

"செருப்பைப் போடுங்க சார்," என்றாள்.

வந்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்தார்: பதினாலு வண்டியையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பார்க்க வேண்டும். ஏனென்றால் போன வருடம் நடந்து நடந்து எண்ணியபோது பதினேழு வந்தது. வண்டி ஓடிக்கொண்டே இருக்கிற இடத்தில் எண்ணினால் அப்படித்தான் வரும்.

பகல் இரண்டு மணிக்கு ஓர் அரசு ஆஸ்பத்திரியில் அத்தனை வண்டிகளையும் ஓரிடத்தில் நிறுத்துவதா? யாரும் முடியாது என்றுதான் சொல்வார்கள். தபாலக்கா சொல்லவில்லை. எந்த வண்டி எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது அவள் கால்களுக்குத் தெரியும். எலும்பு வார்டில் மூன்று, எக்ஸ்ரே வாசலில் இரண்டு, பெண்கள் வார்டில் மூன்று, அவசரப் பிரிவில் இரண்டு, ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு. ஓடினாள். காரிடாரில் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. ஆள் இல்லாதவை முன்னால், ஆள் படுத்திருந்தவை பின்னால்.

மாவுக்கட்டு போட்ட காலோடு படுத்திருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கினார். "எங்கம்மா கூட்டிட்டுப் போறீங்க? எக்ஸ்ரே அந்தப் பக்கம்ல?"

"எக்ஸ்ரேக்கு இல்ல ஐயா, எண்ணறதுக்கு."

"என்னையா?"

"உங்களை எதுக்கு எண்ணணும்? வண்டியை. ரெண்டு நிமிஷம் அசையாமப் படுங்க."

"அசையாமப் படுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க," என்றார் பெரியவர். "காரணம் இன்னிக்குத்தான் புதுசா இருக்கு."

தியேட்டர் வண்டிகள் வெளியே வரக் கூடாது, கிருமி ஒட்டும். இன்ஜினியரைக் கண்ணாடிக் கதவுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினாள். கண்ணாடி வழியாகப் பார்ப்பது நேரில் பார்ப்பதுதானா என்று அவர் கொஞ்சம் தயங்கினார். "நீங்க மூக்குக் கண்ணாடி வழியாத்தானே சார் எல்லாத்தையும் பார்க்கறீங்க," என்றாள். அவர் ஒன்று, இரண்டு என்று குறித்துக்கொண்டார்.

பன்னிரண்டு கணக்கில் வந்துவிட்டன. ஆறாம் நம்பரைக் காணோம். மணி மூன்று. நாலரைக்கு இன்ஜினியர் ஆபீஸை மூடிவிடுவார்கள். எல்லா வார்டுக்கும் குரல் கொடுத்தாயிற்று. அப்போதுதான் தபாலக்காவுக்கு இன்று துணி துவைக்கிற நாள் என்று உறைத்தது. சலவைக் கொட்டகைக்கு ஓடினாள். ஆறாம் நம்பர் வண்டியில் ஈரப் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. சலவைக்காரர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு குறுக்கே நின்றார்.

"இது நோயாளியைத் தள்ற வண்டி அண்ணே."

"இந்தத் துணிய விட நோயாளி யாரு இருக்கா? ரெண்டு பேரு தூக்கி வெச்சோம். இறக்க மாட்டேன்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே இறக்க ஆரம்பித்தாள். நாலாவது விரிப்பில் அவருக்கே வெட்கம் வந்து கை கொடுத்தார்.

பதிமூன்று.

காரிடாரின் கடைசியிலிருந்து கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. கிடங்குக்காரர் உடைந்த சக்கரத்துப் பக்கம் வண்டியைக் கையால் தூக்கிப் பிடித்தபடி, வியர்வை ஒழுக, தள்ளிக்கொண்டு வந்தார். அவள் கோப்புகள் இல்லாமல் அந்த வண்டி மொட்டையாக இருந்தது. பக்கவாட்டில் பளபளவென்று வெள்ளையில் 14.

இன்ஜினியர் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"பெயிண்ட் இன்னும் காயலையே."

எல்லோரும் கிடங்குக்காரரைப் பார்த்தார்கள். அவர் தூக்கிப் பிடித்திருந்த பக்கத்தைக் கீழே விட்டார். "நம்பர் இன்னிக்குப் போட்டது சார். வண்டி வந்து பதினாறு வருஷம் ஆச்சு. எழுதாம விட்டது எங்க தப்பு. மெஷினை வண்டின்னு எழுதினது என் தப்பு."

மாவுக்கட்டுப் பெரியவர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் தன் விரலைப் பார்த்தார், அரைப் பக்கத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல," என்றார், "எழுதினதும் இருக்கறதும் ஒண்ணா நின்னு இன்னிக்குத்தான் பார்க்கறேன்." அரைப் பக்கத்தைச் சுவரில் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் விரலின் வெள்ளை அச்சும் விழுந்தது.

"அப்ப என்னை எக்ஸ்ரேக்குத் தள்ளலாமா?" என்றார் பெரியவர்.

பின்கட்டு அறையில் மெஷின்காரர் காத்திருந்தார். டயாலிசிஸ் ஓட்டவென்றே படித்து, மெஷினோடு சேர்த்து இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர்; தலை பாதி நரைத்த மனிதர். மெஷின் ஓடாததால் ஐந்து மாதமாக அவரை வாசலில் சீட்டு எழுத உட்கார வைத்திருந்தார்கள். வரிசையில வாங்க, வரிசையில வாங்க என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. மத்தியானமே செய்தி கேட்டு ஓடிவந்து, மெஷினின் பக்கவாட்டில் இருந்த பழைய 14-ஐத் தின்னர் தொட்ட துணியால் தேய்த்து எடுத்துவிட்டார். அதன் சாயை மட்டும் லேசாகத் தெரிந்தது.

நாலு இருபதுக்கு இன்ஜினியர் ஈய சீலை வெட்டினார். ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் ஒருமுறை கூவியது. பச்சை விளக்கு ஒன்று, மஞ்சள் விளக்கு ஒன்று, அப்புறம் திரை முழுவதும் வெளிச்சம். மெஷின்காரர் அதன் தலையில் கை வைத்து நின்றார். "உள்ள இருக்கற பைப்பெல்லாம் மருந்து விட்டுக் கழுவணும், தண்ணியை மறுபடி சோதிக்கணும். விடியறதுக்குள்ள ரெடி பண்ணிடறேன்," என்றார் கட்டிய தொண்டையோடு. "முதல் ஆள் யாரு?"

"காலைல ஏழு மணிக்குக் கூட்டிட்டு வரேன்," என்றாள் தபாலக்கா.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்து, மடியில் ஒரு ரவிக்கையை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது. தபாலக்கா தரையில் உட்கார்ந்து, அவள் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. மனசுக்குள் எண்ணினாள். முப்பது வரை எண்ணியும் குழி அப்படியே இருந்தது. எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். இருக்க வேண்டியதை விட ஐந்து கிலோ கூட.

"தண்ணி எத்தனை டம்ளர் குடிச்ச?"

"ரெண்டு."

"நிஜமா?"

"மூணு. போலீஸ் மாதிரி கேக்காதீங்க அண்ணி."

"நாளைக்கு பஸ்ஸுக்குப் போக வேணாம்."

நாத்தனார் ஊசியை நிறுத்தினாள். "அதான் நானே சொல்லிட்டேனே, போகலன்னு. நீங்களும் ஒத்துக்கிட்டீங்களா?"

"பஸ்தான் வேணாம்னேன். நடந்து போறோம். நம்ம ஆஸ்பத்திரிக்கு. மெஷின் ஓடுது."

"உங்க ஆஸ்பத்திரியா? போன மாசமும் ஓடப்போவுதுன்னீங்க. அதுக்கு முந்தின மாசமும் சொன்னீங்க. அந்த மெஷின் ஓடறதுக்குள்ள நான் ஓடிப் போயிடுவேன்."

"இத்தனை நாளா அது மெஷினே இல்ல," என்றாள் தபாலக்கா. "இன்னிக்கு மத்தியானம்தான் மெஷின் ஆச்சு." பிறகு காலையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ஆடு மாட்டுக்கும் பக்கம் இல்லை என்ற இடத்தில் நாத்தனார் சிரிக்க ஆரம்பித்து, எக்ஸ்ரேப் பெரியவர் வந்தபோது இருமல் வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அந்த மூச்சைத் தபாலக்கா காது கொடுத்துக் கேட்டாள். அடியில் லேசாகக் களகளப்பு இருந்தது. முதுகுக்கு இன்னொரு தலையணையை வைத்தாள்.

"அப்ப உங்க மேசை?" என்றாள் நாத்தனார், மூச்சு அடங்கியதும்.

"போச்சு. நம்பர் போட்டாச்சுன்னா அது வார்டு சாமான்."

நாத்தனார் பொத்தானைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். "எத்தனை மணிக்குன்னீங்க?"

"ஏழு."

"ஏழா? அப்ப ஆறு வரைக்கும் தூங்கலாம்," என்றாள். இரண்டு வருடத்தில் ஒரு வியாழக்கிழமைகூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

காலையில் ஆறரைக்குக் கிளம்பினார்கள். பத்து நிமிட நடையை நாத்தனார் மூன்று இடத்தில் நின்று நின்று நடந்தாள். பெரிய டாக்டரம்மா அறையிலேயே இருந்தார். நகரத்து ஆஸ்பத்திரியின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "எல்லாத் தண்ணியையும் இன்னிக்கே எடுக்க வேணாம், தலை சுத்தும். இன்னிக்கு மூணு கிலோ. மிச்சத்துக்குச் சனிக்கிழமை வரட்டும். பக்கத்துலதானே வீடு," என்றார். பக்கத்துலதானே வீடு என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தபாலக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெஷின்காரர் நாத்தனாரின் இடது கையில், ரத்தக்குழாய் துடிக்கிற இடத்தைத் தடவிப் பார்த்து, இரண்டு ஊசியையும் ஒரே முயற்சியில் ஏற்றினார். ஐந்து மாதம் சீட்டு எழுதிய கை தொழிலை மறக்கவில்லை. குழாயில் சிவப்பு ஏறி, சுற்றி வந்து, திரும்ப உள்ளே போயிற்று. மெஷின் ஒரே சீராக உறுமியது.

"அண்ணி, எனக்குச் சுவரைப் பார்த்துட்டே நாலு மணி நேரம் கிடக்க முடியாது. பஸ்லயாவது ஜன்னல் இருக்கும். இதைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளச் சொல்லுங்க."

"தள்ளக் கூடாது," என்றாள் தபாலக்கா. "அது இப்ப வண்டி இல்ல."

பிறகு தபால் அறைக்குப் போனாள். வண்டி இருந்த இடத்தில் செங்கல் மட்டும் கிடந்தது. கோப்புகள் தரையில் அடுக்கியிருந்தன. செங்கல்லின் மேல் ஒரு பழைய பேப்பரைப் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். முதல் நாள் கட்டாமல் விட்ட தள்ளுவண்டிக் கோப்பைக் கடைசியில் எடுத்தாள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, முடிச்சு, சுருக்கு. 'முடிந்தது' அலமாரியில் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மற்றவற்றைத் தூக்கினாள். நேற்று வரை வண்டி சுமந்தது. மூன்று நடை நடக்க வேண்டியிருந்தது.

பதினொன்றரைக்குப் பின்கட்டுக்குத் திரும்பினாள். மெஷின்காரர் ஊசியை உருவி, பஞ்சை அழுத்திக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் எடை மெஷினில் ஏறி இறங்கினாள். மூன்று கிலோ குறைந்திருந்தது. தபாலக்கா குனிந்து, அவள் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள்.

"ஆரம்பிச்சுட்டீங்களா," என்றாள் நாத்தனார்.

தபாலக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று சொல்லும்போது குழி நிரம்பிவிட்டது.